கொரியன் புல்லில் வட்டத் திட்டு: கார்பன்டசிம் அடித்தும் ஒரு பக்கம் அடங்கவில்லை

கேள்வி: ஈசிஆர்_தோட்டம்

வணக்கம். சென்னை, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் தனி வீடு. முன்புறம் 2 சென்ட் கொரியன் புல். விவரம் எல்லாம் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

மேலே அரை அடி செம்மண், அதற்குக் கீழே கட்டடம் கட்டியபோது நிரப்பிய ரப்பிஷ். ஸ்பிரிங்ளர் டைமரில் தினமும் சாயங்காலம் 6.30க்கு பத்து நிமிடம் ஓடுகிறது, மழை நாளிலும்தான். செப்டம்பர் கடைசியில் 2 கிலோ யூரியா போட்டது. வெட்டும் மெஷின் இருப்பதிலேயே தாழ்ந்த செட்டிங்கில், தோராயமாக 2 செ.மீ.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து நடுப்பகுதியில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள். ஒரு அடியில் தொடங்கியவை இப்போது மூன்று அடி அகலம். வட்டத்தின் ஓரம் மட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். மாடித் தண்ணீர் இறங்கும் பைப் பக்கம் வேறு மாதிரி: வட்டமே இல்லை, தண்ணீர் ஓடும் வாக்கில் ஒரு பட்டை. அங்கே புல் கருத்து, எண்ணெய் தடவியதுபோல் படிந்து கிடக்கிறது.

உரக்கடையில் கார்பன்டசிம் 50% என்ற பூஞ்சாணக்கொல்லித் தூள் கொடுத்தார்கள். லிட்டருக்கு 1 கிராம் வீதம் அடித்தாயிற்று. வட்டங்கள் பரவுவது கொஞ்சம் மட்டுப்பட்டது. பைப் பக்கப் பட்டை நீண்டுகொண்டே போகிறது. இதே மருந்தை இரண்டு மடங்காக்கி அடிக்கலாமா?

பதில்: களத்துமேடு

வேண்டாம். பைப் பக்கத்தில் இருப்பது பித்தியம் என்றால் பத்து மடங்கு ஊற்றினாலும் கார்பன்டசிம் கேட்காது.

காரணம் இதுதான். பித்தியம் பார்க்கப் பூஞ்சாணம்போல் இருந்தாலும் அந்த இனமே இல்லை. ஊமைசீட் என்ற தனிக் கூட்டம். தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் நாற்றழுகலைக் கொண்டுவருவதும் இதுவே. கார்பன்டசிம் பூஞ்சாணத்தின் டியூபுலின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு செல் பிரிவை நிறுத்துகிறது. பித்தியத்தில் அது சரியாக ஒட்டாது. ஹெக்சாகோனசோல், புரோபிகோனசோல் என்ற மற்ற இரண்டு பூஞ்சாணக்கொல்லிகளும் பூஞ்சாணத்தின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் தயாரிப்பை முடக்குகிறவை. பித்தியம் எர்கோஸ்டெரால் தயாரிப்பதே கிடையாது. கடைக்காரர் அடுத்து கொடுக்கப்போவது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும், பைப் பக்கத்துக்கு வாங்காதீர்கள்.

நடுவில் இருக்கும் வட்டங்கள் ரைசோக்டோனியா சொலானி என்று படுகிறது. நெல்லில் இலையுறை கருகல் நோய் கொண்டுவரும் அதே பூஞ்சாணம். ஓரத்து ஆரஞ்சு நிறம் அது இன்னும் முன்னேறிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம்.

மருந்து வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். காலை 6 மணிக்கு முன், பனியும் ஈரமும் இருக்கும்போதே தரையில் உட்கார்ந்து பாருங்கள்.

வட்டத்தின் நடுவை விட்டுவிடுங்கள். அங்கே செத்த புல்லைத் தின்ன வந்த வேறு பூஞ்சாணங்கள்தான் இருக்கும், அவை திசை திருப்பிவிடும். ஆரஞ்சு ஓரத்தில் ஒரு தூரைப் பிடித்து மெல்ல இழுங்கள். ரைசோக்டோனியா என்றால் அடி இலையுறை பழுப்பாக அழுகி, தூர் சுலபமாகக் கையோடு வரும். வேர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அப்படியில்லாமல் புல் விரிப்பே பாய் சுருட்டுவதுபோல் எழுந்து வந்தால் அது நோயல்ல, வேர்ப்புழு. ஒரு சதுர அடி தோண்டி எண்ணிப் பாருங்கள், ஐந்தாறு வெள்ளைப் புழுக்கள் ஆங்கில 'C' வடிவில் சுருண்டு கிடந்தால் பூஞ்சாணக்கொல்லிக்குச் செலவழிப்பது வீண்.

பைப் பக்கம் அதே நேரத்தில் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். சிலந்தி வலையோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. வலை புல் நுனிகளுக்கு மேலே தட்டையாக விரிந்திருக்கும். பித்தியம் இலைகளுக்கு இடையே இறங்கிப் பின்னியிருக்கும், வெயில் ஏறியதும் காணாமல் போகும். சந்தேகமானால் நாலு தூரைப் பறித்து, நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஒரு இரவு அறை வெப்பத்தில் வைத்துக் காலையில் பாருங்கள். பஞ்சு பிடித்திருந்தால் முடிவு தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: கொரியன் புல்லில் பித்தியம் அவ்வளவாக வராது, பெர்முடா புல்லில்தான் அதிகம். ஆனால் தண்ணீர் நின்றால் எந்தப் புல்லும் தப்பாது.

ஈசிஆர்_தோட்டம்

பார்த்தாயிற்று. வட்டத்தின் ஓரத்தில் தூர் கையோடு வந்துவிடுகிறது, அடி இலையுறை பழுப்பு. வேர் வெள்ளையாக இருக்கிறது. புழு ஒன்றுமில்லை. பைப் பக்கத்து இலைகளைப் பையில் போட்டு வைத்ததில் வெள்ளையாகப் பஞ்சு. அங்கே வேரும் பழுப்பு, உருவினால் மேல்தோல் கழன்று நூல்போல் நடு நரம்பு மட்டும் நிற்கிறது. காலால் மிதித்தால் சளசளவென்று தண்ணீர்.

வீட்டில் நாயும் இருக்கிறது, அதையும் கணக்கில் வைத்து மருந்து சொல்லுங்கள்.

பதில்: பசும்புல்_பராமரிப்பு

வேர்த்தோல் உருவி வருவது பித்தியம் வேரழுகலுக்கு நல்ல அடையாளம். இரண்டு நோய், இரண்டு மருந்து. களத்துமேடு சார் சொன்ன வகைப்பாட்டோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

முதலில் இன்றைக்கே செய்யவேண்டியது, காசு செலவில்லாதது: டைமரை அணையுங்கள். உங்கள் பிரச்சினையில் பாதி அந்த 6.30தான். சாயங்காலம் நனைந்த இலை மறுநாள் காலை எட்டு, ஒன்பது மணி வரை காயாது; கடற்கரை ஈரப்பதத்தில் அது 14 மணி நேர நனைவு. ரைசோக்டோனியாவுக்கு 10 மணி நேரம் போதும். அமெரிக்கப் புல்தரை வழிகாட்டிகளில் மண் வெப்பம் 21 டிகிரிக்கு இறங்கும்போது மருந்தடிக்கச் சொல்வார்கள். சென்னை மண் அந்த அளவுக்குக் குளிர்வது அரிது, எனவே இங்கே தெர்மாமீட்டரை நம்பிப் பயனில்லை. இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

மழை விட்ட பிறகு, ஒரு வாரத்துக்கு மேல் வறண்டால் மட்டும், காலை 4 முதல் 6 மணிக்குள் தண்ணீர் விடுங்கள். அந்த நேரத்தில் இலை எப்படியும் பனியில் நனைந்துதான் இருக்கும், நீங்கள் நனைவைக் கூட்டவில்லை. தினமும் பத்து நிமிடம் வேண்டாம். வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 12 மி.மீ. உங்கள் 2 சென்ட் என்பது சுமார் 81 சதுர மீட்டர், 1 மி.மீ. தண்ணீருக்கு 81 லிட்டர், ஆக ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று. நேரம் கண்டுபிடிக்க, நேரான சுவருள்ள நாலைந்து டப்பாக்களைத் தரையில் ஆங்காங்கே வைத்து ஸ்பிரிங்ளரை ஓட விட்டு ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். டப்பாவுக்கு டப்பா அளவு ரொம்ப மாறினால் நாசில் அடைத்திருக்கிறது. போர் தண்ணீரில் இது சகஜம்.

வட்டங்களுக்கு: அசாக்சிஸ்ட்ரோபின் 23% எஸ்சி (திரவ வடிவப் பூஞ்சாணக்கொல்லி), 10 மி.லி. மொத்த 2 சென்ட்டுக்கும். இதை 15 லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரே சீராக அடியுங்கள். மருந்தின் அளவு பரப்பைப் பொறுத்தது, தண்ணீர் அதைச் சுமந்து போகும் வண்டி மட்டுமே. பலர் "லிட்டருக்கு 1 மி.லி." என்று கலந்துகொண்டு, டேங்க் தீரும் வரை ஒரே இடத்தில் அடிக்கிறார்கள், அல்லது 5 லிட்டரில் முழுத் தோட்டத்தையும் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. 15 லிட்டர் கேட்பதற்குக் காரணம், நோய் இருப்பது இலை நுனியில் இல்லை, அடி இலையுறையில். மருந்து வழிந்து அங்கே இறங்கவேண்டும். பனித்துளிபோல் தெளிக்கும் நாசில் வேண்டாம். விசிறி நாசில் போடுங்கள். வட்டத்தில் மட்டும் அடிக்காதீர்கள், ஆரஞ்சு ஓரத்துக்கு வெளியே குறைந்தது இரண்டு அடி நல்ல புல்லையும் சேர்த்து அடியுங்கள். பூஞ்சாணம் அங்கே ஏற்கெனவே போயிருக்கும்.

மூன்று வாரம் கழித்து நோய் இன்னும் நகர்ந்தால் அதே மருந்தைத் திருப்பி அடிக்காமல் ஹெக்சாகோனசோல் 5% எஸ்சி, லிட்டருக்கு 2 மி.லி. அசாக்சிஸ்ட்ரோபின் வகைக்கு எதிர்ப்பு சீக்கிரம் உருவாகும், அடுத்தடுத்து அடித்தால் அடுத்த வருடம் வேலை செய்யாது. ஹெக்சாகோனசோல் வகை வெயில் காலத்தில் புல்லின் வளர்ச்சியைக் குறுக்கிவிடும், அதனால் இப்போதைக்கு, மழைக்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்து ஒரே பாட்டிலில் வருகிற மருந்து வாங்கினால் இரண்டு வகையையும் ஒரே நேரத்தில் செலவழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பைப் பக்கப் பட்டைக்கு மட்டும்: மெட்டலாக்சில் 8% + மேன்கோசெப் 64% தூள், லிட்டருக்கு 2 கிராம். 10 சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் வேர் நனைய ஊற்றுங்கள். ஆனால் தண்ணீர் நிற்பதைச் சரி செய்யாமல் ஊற்றினால் இரண்டு வாரத்தில் திரும்பி வரும்.

எதிர்பார்ப்பு சரியாக இருக்கட்டும். மருந்து செத்த இலையைப் பச்சையாக்காது. வட்டம் பெரிதாவது நின்றதா, ஆரஞ்சு ஓரம் மறைந்ததா என்பதுதான் வெற்றியின் அளவுகோல். வட்டத்தின் ஓரத்தில் நாலு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி நட்டு வையுங்கள், ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கொரியன் புல் மெதுவாக ஓடும் புல். திட்டு மூட மாசி, பங்குனி ஆகலாம்.

பதில்: இயற்கை_வழி

எடுத்த எடுப்பில் ரசாயனமா? நோயை அடக்கும் நல்ல நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் இரண்டும் உரக்கடையிலேயே கிடைக்கின்றன. புளித்த மோர் ஒரு லிட்டரைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து அடித்தாலும் கட்டுப்படும். வேப்பம் புண்ணாக்கும் போடலாம். நாய் இருக்கும் வீடு வேறு.

பதில்: களத்துமேடு

டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் நல்ல பொருள்கள்தான், ஆனால் அவை வேலிபோலக் காவலுக்கு. திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு அல்ல. மூன்று அடி வட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இவற்றை மட்டும் நம்பினால் இரண்டு சென்ட்டும் போய்விடும்.

வரிசை முக்கியம். அசாக்சிஸ்ட்ரோபினோ ஹெக்சாகோனசோலோ அடித்த கையோடு டிரைக்கோடெர்மா போட்டால் அதுவும் பூஞ்சாணம்தானே, மருந்தில் அடிபடும். குறைந்தது 15 நாள் இடைவெளி விடுங்கள். பிறகு 200 கிராம் டிரைக்கோடெர்மாவை 10 கிலோ நன்றாக மக்கிய தொழு உரத்தில் கலந்து, கைப்பிடியில் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரமாக்கி, நிழலில் சாக்கு போட்டு மூடி ஒரு வாரம் வையுங்கள். பிறகு சலித்து, 2 சென்ட் முழுக்கத் தூவித் தென்னை விளக்குமாற்றால் இலைக்குள் இறங்கும்படி பெருக்கிவிடுங்கள். சூடோமோனாஸ் பாக்டீரியா, அதனால் மேற்சொன்ன மருந்துகள் அதை அவ்வளவாகத் தொடாது. பாக்டீரியாவைக் கொல்லும் காப்பர் ஆக்சிகுளோரைடும் ஸ்ட்ரெப்டோசைக்ளினும்தான் அதற்கு ஆகாது. வாங்கும்போது பாக்கெட்டில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வெயிலில் கிடந்த பாக்கெட்டில் வெறும் டால்க் பவுடர்தான் மிஞ்சியிருக்கும்.

புளித்த மோர் இலை மேல் இருக்கும் சாம்பல் நோய்க்கு ஓரளவு உதவலாம். இலையுறைக்குள்ளும் வேரிலும் இருப்பதற்கு அது போய்ச் சேராது. வேப்பம் புண்ணாக்கு இப்போது வேண்டவே வேண்டாம், அதிலும் தழைச்சத்து இருக்கிறது. வட்டம் ஓடும்போது தழைச்சத்து எந்த வடிவத்தில் போனாலும் அது நோய்க்குத் தீனி.

யூரியா கணக்கையும் இங்கேயே பேசிவிடலாம். 2 கிலோ யூரியாவில் 920 கிராம் தழைச்சத்து. 81 சதுர மீட்டருக்கு அது சதுர மீட்டருக்கு 11 கிராமுக்கு மேல். ஒரே தடவையில் 5 கிராமுக்கு மேல் போகக்கூடாது. மழைக்கு முன் அவ்வளவு போட்டால் இலை மெல்லிய தோலோடு சதைப்பற்றாக வளரும், பூஞ்சாணம் சுலபமாக நுழையும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் யூரியாவைத் தொடாதீர்கள். வேண்டுமானால் அடுத்த வருடம் மழைக்கு முன், புரட்டாசியில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 400 கிராம் போடுங்கள்.

அதற்காக யூரியாவை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது. தை, மாசியில் பனி விழும்போது தழைச்சத்துப் பஞ்சமான புல்லில் டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சாண நோய் வரும்: பத்து ரூபாய் நாணய அளவுக்கு வெளிறிய புள்ளிகள், ஒவ்வொரு இலையிலும் நடுவில் ஒடுங்கிய உடுக்கை வடிவக் காயம், ஓரத்தில் செம்பழுப்புக் கோடு. கோவை, ஓசூர் பக்கம் இது நிறையவே. அதற்கு மருந்தைவிடத் தழைச்சத்துதான் முதல் சிகிச்சை. மழை முழுக்க விட்டு வட்டம் அடங்கிய பிறகு 400 கிராம் யூரியாவை இரண்டாகப் பிரித்து மூன்று வார இடைவெளியில் போடுங்கள், போட்ட கையோடு தண்ணீர் விட்டு இலையிலிருந்து கழுவிவிடுங்கள்.

பதில்: மணல்_சல்லடை

மேலே எல்லோரும் மருந்தைப் பேசிவிட்டார்கள், அடியில் இருக்கும் ரப்பிஷைப் பற்றி யாரும் பேசவில்லை. அரை அடி செம்மண் மழையில் இறுகி, கீழே சிமென்ட் துகள் கலந்த ரப்பிஷ் தட்டுப்போல் பிடித்திருந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. புல் பாளம் (மண்ணோடு வெட்டி எடுத்த புல் விரிப்பு) பதிக்கும்போது பெரும்பாலும் செய்யாமல் விடுவது இந்த அடிவேலைதான்.

சோதனை: ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றியதும் இன்னொரு தடவை நிரப்பி நேரம் பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் வடிகால் இல்லை என்று பொருள்.

பைப் தண்ணீரைப் புல்லில் விடவே கூடாது. பைப்பின் கீழே ஒரு முழங்கை (எல்போ) இணைப்பு போட்டு மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்புங்கள். அந்தப் பட்டையின் நீளத்துக்கு ஒரு அடி ஆழ வாய்க்கால் வெட்டி, ஓட்டை போட்ட 3 அங்குல பிவிசி பைப்பை ஓட்டை கீழே பார்த்தபடி வைத்து, 20 மி.மீ. ஜல்லியால் மூடி, மேலே ஜியோ துணி போட்டு மணல் நிரப்புங்கள். சரிவு 10 அடிக்கு ஒரு அங்குலம் போதும். துணி போடாவிட்டால் செம்மண் இறங்கி இரண்டு மழையில் அடைத்துவிடும்.

மற்ற இடங்களில் மழை விட்டு மண் ஓரளவு காய்ந்ததும் தோட்ட முள்கரண்டியால் 10 செ.மீ.க்கு ஒரு குத்து, 8 முதல் 10 செ.மீ. ஆழம். சேறாக இருக்கும்போது குத்தினால் துளையின் சுவர் மெழுகியதுபோல் இறுகிவிடும், பயனில்லை. பிறகு 3 மி.மீ. கனத்துக்கு மணல், 2 சென்ட்டுக்கு 9 கன அடி வரும். ஆற்று மணல் கிடைக்காது, எம் சாண்ட் போடலாம், ஆனால் கழுவியதாக வாங்குங்கள். பூச்சு வேலைக்கு வரும் பி சாண்ட் வேண்டாம், அந்தத் தூள் துளையை அடைத்துச் சிமென்ட்போல் பிடித்துக்கொள்ளும்.

அடர்ந்த கொரியன் புல்லில் இன்னொரு விஷயம், பாய்போல் சேரும் காய்ந்த அடிச்சருகு. கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே பழுப்புப் பஞ்சு 1.2 செ.மீ.க்கு மேல் இருந்தால் நீங்கள் ஊற்றும் மருந்தும் தண்ணீரும் அங்கேயே தங்கிவிடும். அதை வாரி எடுக்கவேண்டியது பங்குனியில், புல் வேகமாக ஓடும்போது. இப்போது வாரினால் நோயைத் தோட்டம் முழுக்க நீங்களே இழுத்து விடுவீர்கள்.

ஈசிஆர்_தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. டைமர் அணைத்தாயிற்று, பைப்பைத் திருப்ப ஆள் சொல்லியிருக்கிறேன். மூன்று சந்தேகம். மெஷினை இப்போது ஓட்டலாமா? செத்த பட்டையில் புதுப் பாளம் எப்போது வைக்கலாம்? நாயை எத்தனை நேரம் வெளியே விடக்கூடாது?

பதில்: பசும்புல்_பராமரிப்பு

மெஷின்: உயரத்தை 4 செ.மீ.க்கு ஏற்றுங்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். ஈரத்தில் ஓட்டவேண்டாம், மதியம் காய்ந்த பிறகு. நல்ல பகுதியை முதலில், நோய்ப் பகுதியைக் கடைசியில் வெட்டுங்கள். வெட்டிய புல்லைக் கூடையில் பிடித்து வெளியேற்றுங்கள், நோய் அடங்கும் வரை உரக்குழியில் போடவேண்டாம். முடிந்ததும் அடித்தட்டைக் கழுவிக் காயவையுங்கள். மழுங்கிய பிளேடு இலை நுனியை நார் நாராகக் கிழிக்கும், அந்தக் காயத்தில்தான் நோய் தொற்றும். வெட்டிய மறுநாள் நுனி வெளுத்திருந்தால் பிளேடைச் சாணை பிடிக்கக் கொடுங்கள்.

பாளம்: வடிகால் முடிந்து, ஒரு நல்ல மழைக்குப் பிறகும் அங்கே தண்ணீர் நிற்கவில்லை என்று பார்த்த பிறகு. செத்த புல்லோடு மேல்மண் இரண்டு அங்குலத்தையும் எடுத்துவிட்டு மணல் கலந்த புதுமண் போடுங்கள். நடு வட்டங்களுக்குப் பாளமே தேவையில்லை. ஓரத்துப் புல் உள்ளே ஓடி மூடிக்கொள்ளும். அவசரமானால் உங்கள் தோட்டத்தின் நோயில்லாத மூலையிலிருந்தே 5 செ.மீ. துண்டுகளை வெட்டி 15 செ.மீ. இடைவெளியில் பதியுங்கள். நர்சரிப் பாளம் வாங்கினால் அடிப்பக்கத்தைப் புரட்டி வேரைப் பாருங்கள், பழுப்பாகவோ புளித்த வாடையாகவோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நாய்: லேபிளில் சொன்னதுபோக, தெளித்தது முழுக்கக் காயும் வரை கண்டிப்பாக உள்ளே, பட்டையில் ஊற்றிய இடத்தை இரண்டு நாளாவது கம்பி வலை போட்டு மறித்துவிடுங்கள், ஈரமண்ணை நக்கும். பெரும்பாலான பாட்டில்களின் லேபிளில் நெல், மிளகாய், திராட்சை என்றுதான் இருக்கும், புல்தரை என்று இருக்காது. ஆகவே பாதுகாப்பு வரிகளை விட்டுவிடாமல் படியுங்கள். கையுறை, முழுக்கால் சட்டை, மாஸ்க். அசாக்சிஸ்ட்ரோபின் மீனுக்கு நஞ்சு, அல்லித் தொட்டி இருந்தால் மூடிவிட்டு அடியுங்கள். அடுத்த ஆறு மணி நேரத்துக்கு மழை இல்லாத நாளாகப் பாருங்கள். ஸ்ப்ரேயர் கழுவிய தண்ணீரையும் புல்லிலேயே பரவலாகத் தெளித்துவிடுங்கள், மழைநீர்க் கிணற்றுப் பக்கம் ஊற்றக்கூடாது. பைப்பை வேறு இப்போது அங்கேதான் திருப்பப்போகிறீர்கள்.